ஈஸ்டுக்கும் உறை உண்டு

தயிருக்கு உறை ஊற்றத் தெரியாத தமிழ் வீடு இல்லை. காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஆறவிட்டு, முந்திய நாள் தயிரில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கி மூடி வைக்கிறோம், விடிந்தால் தயிர். அந்த ஒரு கரண்டியில் இருப்பவை உயிர்கள் என்பதும், அவை இரவெல்லாம் பெருகிப் பாலைத் தோயவைக்கின்றன என்பதும் இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. உறை பழையதானால் தயிர் தோயாது. உறை குறைந்தால் நேரம் பிடிக்கும். கரண்டி சுத்தமில்லாவிட்டால் தயிர் நூல் விடும். இந்த மூன்று உண்மைகளையும் நம் பாட்டிமார் ஏட்டைப் புரட்டாமலே அறிந்திருந்தனர். பீர் வடிக்கும் தொழிலில் இதே மூன்றையும் கண்டறிந்து, எண்ணிக் கணக்கிட்டு, ஒரு முறையாக வகுப்பதற்குள் ஐரோப்பியருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டே கழிந்துவிட்டது. அந்த முறையைத்தான் இங்கே விளக்க முற்படுகிறேன். ஈஸ்டு என்னும் நுண்ணுயிரைப் பெரிய தொட்டியில் வேலைக்கு விடுமுன், சிறு குடுவையில் நீர்த்த உணவு கொடுத்து வளர்த்துப் பெருக்கிக்கொள்ளும் முறை அது. ஆங்கிலேயர் இதனை 'ஸ்டார்ட்டர்' என்பர். நாம் 'உறை' என்றே சொல்லுவோம். அதைவிடப் பொருத்தமான சொல் தேடினாலும் கிடைப்பதற்கில்லை.

'மாணவர் மன்ற ஏட்டில் பீரைப் பற்றி ஒரு கட்டுரையா?' என்று புருவத்தை உயர்த்தும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். குடிக்கக் கற்றுக்கொடுப்பது என் நோக்கமன்று. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்றும் இங்கே நடைமுறையில் இருக்கிறது. உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சுவது அச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பிரிட்டனில் 1963-லும், அமெரிக்காவில் 1978-லும் சட்டம் தளர்ந்தது. அங்கெல்லாம் அதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஏராளம். உறையைப் பற்றிய நுட்பங்கள் பலவும் அவர்களுடைய சமையலறைகளில் சோதித்துத் தேறியவை. நமக்கோ, அந்த உறை ஆப்பத்துக்கு ஆகும், ரொட்டிக்கு ஆகும், ஆய்வுக்கூடத்துக்கு ஆகும்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாண்டுப்பில் எங்கள் சால் வீடுகளில், 'நுண்ணுயிரியல் படிக்கிறேன், ஈஸ்டு வளர்க்கிறேன்' என்று சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும். மாறுவதில் வியப்பில்லை. எங்கள் நிலையத்துக்கு இரண்டு நிலையம் தள்ளியுள்ள விக்ரோலியில் 2004 டிசம்பரில் கள்ளச்சாராயம் குடித்து எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2015 ஜூனில் மாலாடு மால்வணியில் நூற்றுக்கு மேற்பட்டோர். 2024 ஜூனில் நம் தாயகத்திலே, கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர். எல்லாரும் உழைத்துக் களைத்த ஏழைகள். 'புளிக்க வைத்தது விஷமாகிவிட்டது' என்றே இன்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. இச்சாவுகளுக்குக் காரணம் மெத்தனால் என்னும் தொழிற்சாலை இரசாயனம். தானியத்தையோ வெல்லத்தையோ ஈஸ்டு புளிக்க வைக்கும்போது ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. தொழிற்சாலைக்குப் போகவேண்டிய மெத்தனாலைத் திருட்டுத்தனமாக வாங்கித் தண்ணீரில் கலந்து விற்றவர்கள் செய்த கொலை அது. பழியை ஈஸ்டின் தலையில் போட்டால் கொலைகாரன் தப்பிவிடுகிறான். அதற்காகவேனும் ஈஸ்டு செய்வது என்ன, செய்யாதது என்ன என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈஸ்டு ஒற்றை உயிரணுவால் ஆன ஒரு பூஞ்சணம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றைம்பது, இருநூறு ஈஸ்டுகளை வரிசையாக நிறுத்தலாம். தாயணுவின் உடலில் ஒரு மொட்டு தோன்றி, பருத்து, பிரிந்து, தானே ஓர் உயிராகும். உணவும் காற்றும் வெப்பமும் ஒத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். சர்க்கரையை உண்டு சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுவது இதன் தொழில். ரொட்டிக்காரனுக்கு வேண்டியது வாயு. பீர்க்காரனுக்கு வேண்டியது இரண்டும். ஹாலந்து நாட்டு லேவன்ஹுக் 1680-இல் தாம் செய்த உருப்பெருக்கியில் பீரின் துளியைப் பார்த்து உருண்டைகளைக் கண்டார். ஆனால் அவற்றை உயிர்கள் என்று கருதவில்லை. 1837 வாக்கில்தான் கன்யார்-லத்தூர், ஷ்வான் முதலியோர் தனித்தனியே 'இது உயிர்' என்று அறிவித்தனர். லீபிக் போன்ற பெரும் இரசாயன அறிஞர்கள் அதைக் கேலி செய்து எள்ளி நகையாடினர். பாஸ்டர் வந்துதான் வாதம் அடங்கியது. பீரைப் பற்றியே அவர் 1876-இல் ஒரு பெரு நூல் வெளியிட்டார்.

நம் திருநெல்வேலிச் சீமையில் பனையேறுபவர்களுக்கு இந்த வாதமே தேவைப்பட்டிருக்காது. பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காலையில் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். பாளையிலிருந்து வடியும் சாறு இரண்டுக்கும் ஒன்றே. பழைய கலயத்தின் சுவரில் முன்னாளைய கள்ளின் ஈஸ்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாறு சொட்டச் சொட்ட அது விழித்தெழுந்து பெருகுகிறது. சுண்ணாம்பின் காரம் அதனை அடக்கிவிடுகிறது. ஆகவே, கலயமே உறை. பனைமரத்தின் உச்சியில் தொங்குகிற அந்த மண்கலயத்தைக் காட்டிலும் எளிய ஈஸ்டு உறையை நான் எந்தப் பாடநூலிலும் காணவில்லை.

ஆனால் கலயத்து உறையில் ஒரு குறை உண்டு. அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஈஸ்டிலேயே பல சாதி. அதோடு பாக்டீரியாக்களும் கூட்டமாக இருக்கும். அதனால்தான் காலைக் கள் இனிப்பதும் மாலைக் கள் புளிப்பதும். ஐரோப்பிய பீர் ஆலைகளும் ஒருகாலத்தில் இந்த நிலையில்தான் இருந்தன. ஒரு தொட்டியின் அடியில் தங்கிய வண்டலை அடுத்த தொட்டிக்கு உறையாக விடுவர். நன்றாக நடந்துகொண்டிருக்கும், திடீரென்று ஓர் ஆண்டு பீர் முழுவதும் கசந்தோ நாறியோ கெட்டுவிடும். டென்மார்க் நாட்டுக் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பார் இதற்கு விடை கண்டார். கெட்ட தொட்டியில் நல்ல ஈஸ்டோடு காட்டு ஈஸ்டும் கலந்திருப்பதைக் காட்டினார். பிறகு, ஈஸ்டுக் கலவையைத் தண்ணீரில் மேலும் மேலும் நீர்க்கச் செய்து, ஒரே ஓர் உயிரணுவைத் தனியே பிடித்தார். அந்த ஒன்றைச் சிறு குடுவையில் வளர்த்து, அடுத்த குடுவைக்கு மாற்றி, மேலும் பெரிய கலத்துக்கு மாற்றி, 1883-இல் ஆலைத் தொட்டிக்கே உறையாக விட்டார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளால் மட்டும் ஆன முதல் பீர் அது. ஆலை அதிபர் யாக்கப்சன் அந்த ஈஸ்டைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், கேட்ட ஆலைகளுக்கெல்லாம் கொடுத்தார். இன்று உலகில் விற்கும் தெளிந்த பீரில் பெரும்பகுதி அந்த வகை ஈஸ்டின் வேலையே.

ஹான்சனின் ஒற்றை உயிரணுவை நேராகத் தொட்டியில் போட்டிருந்தால் என்ன? நம் கட்டுரையின் உயிர்நிலை இந்தக் கேள்விதான். விடை ஒரு சிறு கணக்கில் இருக்கிறது.

பாக்டீரியா அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகவும், ஈஸ்டு இரண்டு மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகவும் கொள்வோம். ஆறு மணி நேரத்தில் ஓர் ஈஸ்டு 8 ஆகும். அதே நேரத்தில் ஒரு பாக்டீரியா 4,096 ஆகும். ஆகவே இனிப்பான, சத்துள்ள, வெதுவெதுப்பான திரவத்தில் இரண்டையும் சம அளவில் விட்டால் ஈஸ்டு தோற்பது உறுதி. எவ்வளவு கவனமாக இருந்தாலும் காற்றிலிருந்தும் குழாயிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் சில ஆயிரம் பாக்டீரியாக்கள் உள்ளே புகத்தான் செய்யும். ஈஸ்டு வெல்ல ஒரே வழி, தொடக்கத்திலேயே பெரும் படையாக இறங்குவது. பத்தாயிரம் பாக்டீரியா ஆறு மணி நேரத்தில் நாலு கோடி ஆகும். எதிரே ஈஸ்டு முதலிலேயே பதினெட்டாயிரம் கோடி இருந்தால்? நாலு கோடியை யார் பொருட்படுத்துவார்? அதற்குள் ஈஸ்டு சர்க்கரையைத் தின்று, திரவத்தைப் புளிப்பாக்கி, சாராயத்தையும் சேர்த்து, வந்தவர்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பீரில் சேர்க்கும் ஹாப் என்னும் கசப்புப் பூவும் பல பாக்டீரியாக்களை அடக்கித் துணைநிற்கும்.

பதினெட்டாயிரம் கோடி என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. இருபது லிட்டர் சாதாரண பீருக்கு வேண்டிய ஈஸ்டின் எண்ணிக்கை ஏறக்குறைய அதுதான். மேனாட்டுக் கடைகளில் பீர் ஈஸ்டை நீர்ம வடிவில் சிறு பொட்டலமாக விற்கிறார்கள். புதிய பொட்டலத்தில் சுமார் பத்தாயிரம் கோடி உயிரணுக்கள் இருக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் மாதத்துக்கு மாதம் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மடியும். இரண்டு மூன்று மாதப் பொட்டலத்தில் பாதிதான் தேறும். இருப்பது ஐயாயிரம் கோடி, தேவை பதினெட்டாயிரம் கோடி. நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்புவதற்கே உறை. ஈஸ்டு குறைந்தாலும் பீர் புளிக்கும் என்பது உண்மைதான். ஆனால் புளிக்கத் தொடங்க ஒரு பகலும் இரவும் ஆகும், இடைவேளையில் பாக்டீரியா புகும், சோர்ந்த ஈஸ்டு அழுகல் நாற்றத்தைக் கொடுக்கும், சர்க்கரை மீந்து போகும்.

இனி, உறை வைக்கும் முறையைக் காண்போம். வீட்டில் பீர் காய்ச்ச அனுமதியுள்ள நாடுகளில் செய்யும் விதம் இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் உலர் மால்ட் சத்து. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. நம் வீடுகளில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச முளைகட்டிய கேழ்வரகு மாவு அரைக்கிறோமே, அங்கே நடப்பதும் இதுதான். முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கடைச் சர்க்கரையைக் கரைத்து வைத்தால் ஆகாதா எனில், பீருக்கு ஆகாது. பார்லிச் சாற்றில் பெரும்பகுதி மால்டோஸ் என்னும் சர்க்கரை. எளிய சர்க்கரையிலேயே செல்லமாக வளர்ந்த ஈஸ்டு, மால்டோஸை உண்ணும் கருவிகளைச் செய்துகொள்ளாமல் சோம்பிவிடும். மேலும், வெறும் சர்க்கரையில் புரதச் சத்தும் உப்புச் சத்தும் கிடையா. எந்த வேலைக்கு அனுப்பப் போகிறோமோ அந்த வேலையிலேயே பழக்கவேண்டும்.

அளவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சத்து மிகுந்தால் நல்லதுதானே என்று நூறு கிராமுக்குப் பதில் இருநூறு போடக்கூடாது. அடர்ந்த சர்க்கரைத் திரவம் உயிரணுவின் நீரை உறிஞ்சி வாட்டும். உண்டாகும் சாராயமும் அதிகமாகும். உறையில் நமக்கு வேண்டியது சாராயமன்று, ஆள்பலம். ஆகவே நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது போல நீர்த்தே கொடுக்கவேண்டும்.

திரவத்தைக் கண்ணாடிக் குடுவையில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க வைக்கவேண்டும். பொங்கி வழியும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். கொதி இரு வேலைகளைச் செய்கிறது. பாக்டீரியாக்களைக் கொல்வது ஒன்று. மற்றொன்று எங்கள் ஊர்க்காரருக்கு நன்கு விளங்கும். மும்பை மாநகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டிக் குளோரின் கலந்து அனுப்பப்படுவது. மாநகரத்து மக்களைக் காக்கும் அந்தக் குளோரின் ஈஸ்டுக்குப் பகை. கொதியில் அது ஆவியோடு போய்விடும். பிறகு குடுவையின் வாயை அலுமினியத் தகட்டால் மூடி, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறவிட வேண்டும். கை பொறுக்கும் சூடு போதாது. கையில் சூடே தெரியாத அளவு ஆறவேண்டும். அப்பொழுதுதான் ஈஸ்டை விடுவது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஈஸ்டை உடனே விடாமல், வெளியே வைத்து அதன் குளிர் நீங்கிய பின் விடுவது நன்று.

அடுத்தது காற்று. பலரும் இங்கேதான் குழம்புகின்றனர். புளிப்புக்குக் காற்று வேண்டாம், மூடி வைக்கவேண்டும் என்று கேள்விப்பட்டிருப்போம். பீர்த் தொட்டிக்கு அது சரி. உறைக்குடுவைக்குக் காற்று உயிர். உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. பிராணவாயு இல்லாமல் ஈஸ்டால் அதை ஆக்க முடியாது. தாயிடம் இருந்ததைத்தான் மகளுடன் பங்கிட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் கையிருப்பு பாதியாகும். சில தலைமுறையில் சவ்வு மெலிந்து ஈஸ்டு நின்றுவிடும். பொதுச்சொத்தைப் பாகம் பிரித்துப் பிரித்துக் கடைசியில் ஆளுக்கொரு சாண் நிலம் கூட மிஞ்சாத நம் ஊர்க் குடும்பங்களை எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஆதலால் குடுவையை ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சுழலும் மேடை இருக்கிறது. அமெரிக்கப் பொழுதுபோக்காளர் காந்தத்தால் சுழலும் சிறு கருவியை வைத்துக்கொள்கின்றனர். அவையின்றேல், போகும்போதும் வரும்போதும் ஒரு சுழற்று சுழற்றினால் பெரும்பயன் உண்டு. வாயை இறுக மூடவே கூடாது. காற்று உள்ளே போகாது என்பதோடு, கரியமில வாயு அடைபட்டுக் கண்ணாடி வெடிக்கும். ஆய்வுக்கூடத்துப் பஞ்சடைப்பு இதற்காகவே ஏற்பட்டது. காற்று புகும், தூசி புகாது.

வெப்பத்தைப் பொறுத்தவரை மும்பைவாசிக்கு ஒரு சலுகை. பீரை முப்பது பாகையில் புளிக்கவிட்டால் காரமும் நெடியும் ஏறிக் கெட்டுவிடும். வெள்ளையர் கசௌலியிலும் நீலகிரியிலும் மலைமேல் பீராலை கட்டியதற்குக் குளிர்ச்சியும் ஒரு காரணமே. ஆனால் உறையில் ஈஸ்டு பெருகுவதற்கு நம் வீட்டு வெப்பமே போதும். அதன் சுவையைப் பற்றிக் கவலையில்லை. மேல்நீரை எப்படியும் கொட்டிவிடப் போகிறோம். மழைக்காலத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைச்சரிவிலுள்ள பாண்டுப் வீடுகளில் செருப்பும் சுவரும் பூஞ்சணம் பூக்கும் காலம். அந்நாளில் குடுவையைத் திறந்தபடி வைப்பது விருந்தினரை வெற்றிலை வைத்து அழைப்பதாகும்.

பன்னிரண்டு மணி நேரத்தில் திரவம் பால்போல் கலங்கும். மேலே மெல்லிய நுரை கட்டும். ஒரு பகலும் ஓர் இரவும் ஆனால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அதன்பின் குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைத்தால் ஈஸ்டு அடியில் வெண்சாந்தாகப் படியும். மேல்நீரை வடித்துவிட்டுச் சாந்தை மட்டும் பயன்படுத்தலாம். இப்படி வடிக்காமல், நுரை பொங்கும் வேளையிலேயே முழுவதையும் தொட்டியில் ஊற்றுவதே சிறந்தது என்பாரும் உளர். சிறு உறையானால் அவர் சொல்வது சரி. பெரிய உறையானால் அதன் கெட்ட சுவை பீரில் ஏறும், வடிப்பதே மேல் என்பது என் எண்ணம். எதுவாயினும் முதலில் முகர்ந்து பார்க்கவேண்டும். ரொட்டி மணம், ஆப்பிள் மணம் நல்லவை. காடி நெடியோ அழுகல் நாற்றமோ வந்தால் ஒரு நொடியும் யோசியாமல் கொட்டிவிட வேண்டும்.

ஒரு துளி ஈஸ்டிலிருந்து தொடங்குபவர்கள் படிப்படியாக ஏறவேண்டும்: பத்து மில்லி லிட்டர், பிறகு நூறு, பிறகு ஆயிரம். ஒரே தாவலில் ஆயிரத்துக்குப் போனால் முன் சொன்ன பந்தயத்தில் பாக்டீரியா முந்திவிடும். அதே சமயம், ஏராளமான ஈஸ்டைச் சின்னஞ்சிறு குடுவையில் விட்டுக் காத்திருப்பதும் வீண். உணவு தீர்ந்தால் பெருக்கமும் நின்றது. காலத்தை நீட்டுவதால் ஆள் கூடுவதில்லை.

எண்ணிக்கையை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கலாம். எங்கள் வகுப்பில் முதல் பருவத்திலேயே கற்றுக்கொடுக்கிற பயிற்சி இது. இரத்த அணுக்களை எண்ணுவதற்கென்று கோடு கிழித்த கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. அதன் நடுச் சதுரம் ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்; அதாவது ஒரு மில்லி லிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உறையை நூறு மடங்கு நீர்த்து ஒரு துளி விட்டு எண்ணியதில் 150 உயிரணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். 150-ஐப் பத்தாயிரத்தாலும், பிறகு நூறாலும் பெருக்கினால் ஒரு மில்லி லிட்டருக்குப் பதினைந்து கோடி. ஒரு லிட்டருக்குப் பதினைந்தாயிரம் கோடி. துளியோடு மெத்திலீன் நீலம் என்ற சாயத்தையும் சேர்த்தால் இன்னொரு வேடிக்கை காணலாம். உயிருள்ள ஈஸ்டு சாயத்தின் நிறத்தை நீக்கிவிட்டு வெண்மையாகவே இருக்கும். செத்தது நீலமாகும். 150-இல் 15 நீலமென்றால் பத்தில் ஒன்று பிணம். தேறுவது பதின்மூவாயிரத்து ஐந்நூறு கோடி. இருபது லிட்டருக்கு இது போதாது, இன்னும் ஓர் அரை லிட்டர் உறை வேண்டும் என்று அப்பொழுதே தெரிந்துவிடுகிறது. கண் வலிக்கும் வேலைதான். இருந்தும், முதன்முறை அந்த நீலப் புள்ளிகளைக் கண்டபோது, அம்மா தயிரை முகர்ந்து பார்த்தே 'இது உறைக்கு ஆகாது' என்று ஒதுக்குவாளே, அதன் பொருள் எனக்கு விளங்கியது.

இந்தப் பயிற்சி பீர்க் கிடங்கோடு முடிந்துவிடுவதில்லை. ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட மஞ்சட்காமாலைத் தடுப்பூசி, ஈஸ்டு வகை ஒன்றில் வளர்த்தெடுத்தது. பெங்களூரின் பயோகான் 2004-இல் கொண்டுவந்த மனித இன்சுலினும் அத்தகைய ஈஸ்டின் விளைச்சலே. நம் வீட்டுப் பெரியவர்களில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் எத்தனை பேர்! அத்தகைய மருந்தாலையிலும் உறைய வைத்த சிறு குப்பியில் தொடங்கி, குடுவை, சிறு கலம், பெருங்கலம் என்று இதே படிகளில்தான் ஏறுகிறார்கள். குப்பியில் ஒரு பாக்டீரியா புகுந்தால் பெருங்கலம் முழுவதும் சாக்கடைக்குத்தான். நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் வேலை தேடிப் போகப்போவது இத்தகைய ஆலைகளுக்கே. தூய ஈஸ்டு வகைகள் தேவைப்படும் கல்லூரிகளுக்குப் புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்திலுள்ள தொழில் நுண்ணுயிர்த் தொகுப்பு அவற்றை விலைக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வரும் சாய்குழாயைப் பெருக்க வேண்டியது நம் பொறுப்பு.

கடைசியாக, வீட்டுக்கு வருவோம். இட்லி மாவுக்கு ஏன் உறை வேண்டாம் என்று சிலர் கேட்பதுண்டு. உளுந்திலேயே லூக்கோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா குடியிருக்கிறது; ஊறவைத்து அரைத்தால் அதுவே பெருகி வாயு விட்டு மாவை உப்பவைக்கும். ஆப்ப மாவில் உளுந்து குறைவு, அல்லது இல்லவே இல்லை. அதனால்தான் ஊரில் கள் ஊற்றினார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மும்பையிலோ அது எல்லாருக்கும் கைக்கெட்டும் பொருளன்று. "கள்ளு ஊத்துனாத்தாம்ல ஆப்பம் ஆப்பமா இருக்கும்" என்று எங்கள் பெரியம்மா இன்றும் பெருமூச்சு விடுவாள். பெருமூச்சு விட்டுக்கொண்டே அவள் செய்கிற காரியம் சுத்தமான ஈஸ்டு உறை.

தேங்காய் உடைத்த தண்ணீர் ஒரு தம்ளர். அதில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, கடை உலர் ஈஸ்டு ஒரு சிட்டிகை. தேங்காய்த் தண்ணீரில் உப்புச் சத்துகள் இயற்கையாகவே உண்டு. அரிசி மாவில் மால்டோஸ் பிரச்சினை பெரிதாக இல்லையாதலால் இங்கே சர்க்கரை குற்றமில்லை. அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் இரவு ஒன்பது மணிக்குள் நுரைத்துக் கள் மணம் வீசும். நுரை எழாவிட்டால் ஈஸ்டு செத்தது என்று அறிந்து, அரிசியை வீணாக்காமல் தப்பலாம். பொட்டலத்தைப் பிரித்து மாதக்கணக்கில் டப்பாவில் போட்டு வைக்கும் வீடுகளுக்கு இந்தச் சோதனை மிகவும் வேண்டியது. புதிய உலர் ஈஸ்டை நிறையப் போடுவதானால் உறையே வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி ஊறவைத்தாலே போதும்; உலர்த்தும்போதே அதன் உடலில் வேண்டிய கொழுப்பைச் சேர்த்துத்தான் ஆலையில் அனுப்புகிறார்கள். ஆனால் அதில் ரொட்டி வாடை தூக்கலாக இருக்கும். சிட்டிகையிலிருந்து வளர்த்த உறையில் அந்த வாடை இல்லை.

நுரைத்த உறையை அரைத்த பச்சரிசி மாவில் ஊற்றி, இரண்டு கரண்டி மாவை எடுத்துக் கூழாகக் காய்ச்சி ஆறியபின் சேர்த்துக் கலந்து வைத்தால், காலை ஐந்து மணிக்கு மாவு பாத்திரத்தின் விளிம்புக்கு வந்திருக்கும். பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்க. உறையில் இரண்டு மேசைக்கரண்டியை ஊற்றாமல் நிறுத்திக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிய தேங்காய்த் தண்ணீருக்கு அதுவே உறை. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் இப்படித் தொடர வேண்டாம். அதற்குள் பாக்டீரியா மிகுந்து புளிப்பு ஏறியிருக்கும். மறுபடி ஒரு சிட்டிகையிலிருந்து தொடங்கவும்.